ஆஷ் கொலை வழக்கில் என் பூட்டனாரைத் தேடிப் போனேன்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்த கதை ஒன்று உண்டு. விரோதிகிருது வருஷம் ஆனி மாதத்தில் கலெக்டர் ஆஷ் துரையை மணியாச்சியில் சுட்டபோது, அந்த ஸ்டேஷனில் தண்டவாளத்தைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த என் பூட்டனார்தான் வெடிச்சத்தம் கேட்டு முதலில் ஓடினார் என்றும், அதனால் சாட்சி சொல்ல அவரை மெட்ராஸுக்கே அழைத்துப் போனார்கள் என்றும், திரும்பும்போது சாட்சிப்படிக் காசில் ஒரு வெண்கலச் செம்பு வாங்கி வந்தார் என்றும் ஆச்சி சொல்வார். "எங்க அய்யாதான் மொதல்ல ஓடுனாவ" என்று தொடங்கினால், செம்பை எடுத்துக் காட்டாமல் முடிக்க மாட்டார்.

நானும் பாளையங்கோட்டையில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்த 31 ஆண்டுகளும் இந்தக் கதையை வகுப்பில் சொல்லி, பிள்ளைகள் வாயைப் பிளப்பதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். சட்டக் கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகள்தான் ஒரு நாள், "சாட்சி சொன்னாவன்னா ரெக்கார்டுல பேரு இருக்கணும்லா, அத்தை?" என்று கேட்டாள். ஓய்வுபெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது; கைவசம் நேரம் இருந்தது. தேடிப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். முடிய ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

வழக்கைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்திருந்தது பாடப்புத்தக அளவுதான். 1911 ஜூன் 17, சனிக்கிழமை. ராபர்ட் வில்லியம் ஆஷ், கொடைக்கானலில் இருந்த தம் பிள்ளைகளைப் பார்க்க மனைவி மேரியுடன் காலை 9.30 மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலேறினார். வண்டி 10.38க்கு மணியாச்சிக்கு வந்தது. அவர்கள் காத்திருந்த, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயில் ரயில் 10.48க்கு வர வேண்டும். அந்தப் பத்து நிமிட இடைவெளியில், முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே அமர்ந்திருந்த கணவன் மனைவியிடம், குடுமி வைத்த ஓர் இளைஞர் ஏறி வந்து, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷின் மார்பில் சுட்டுவிட்டு, பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடித் தம் வாயில் சுட்டுக்கொண்டு இறந்தார். செங்கோட்டை வாஞ்சி. உடன் வந்த இன்னொருவர் ஓடிவிட்டார். ஒட்டப்பிடாரத்து மாடசாமி என்று சொல்லப்பட்ட அவர் கடைசிவரை பிடிபடவில்லை. ஆஷைத் திருநெல்வேலிக்குத் திரும்பக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போயிற்று. 1908இல் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தபோது வ.உ.சி.யையும் சுதேசிக் கப்பல் கம்பெனியையும் ஒடுக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது என்பது அன்றைய தேசியவாதிகளின் குற்றச்சாட்டு.

என் முதல் தவறு, கொலை நம் மாவட்டத்தில் நடந்ததால் வழக்கும் இங்கேதான் நடந்திருக்கும் என்று நினைத்தது. திருநெல்வேலியில் ஒரு நீதிமன்ற நகல் பிரிவில் மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி நீட்டினேன். அங்கிருந்த பெரியவர் அதைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "டீச்சர், இதுல எதிரி யாரு?" என்று கேட்டார். வாஞ்சிநாதன் என்றேன். "செத்தவன் மேல எப்படி கேஸு நடக்கும்?" என்றார். 31 ஆண்டு வரலாறு சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை. சுட்டவர் அங்கேயே இறந்துவிட்டார். அப்படியானால் சாட்சி சொன்னது யாருக்கு எதிராக?

அவர் சொல்லித்தான் குலவணிகர்புரத்தில் ஒரு வழக்கறிஞரின் அறைக்குப் போனேன். அவருடைய அப்பா காலத்து அலமாரியில், முதுகுத்தோல் உரிந்து செம்மண் போலக் கையில் ஒட்டும் பழைய சட்ட அறிக்கைகள் வரிசையாக இருந்தன. மெட்ராஸ் வரிசை, 35ஆம் தொகுதி. அதில் இருந்தது திருநெல்வேலிச் சதி வழக்கு. விசாரித்தது மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு: தலைமை நீதிபதி ஆர்னால்ட் வைட், அய்லிங், சங்கரன் நாயர். குற்றம் சாட்டப்பட்டோர் 14 பேர். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. அடுத்து வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணன். பிறகு வரும் பெயர்கள், மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை, சாவடி அருணாசலம் பிள்ளை, 'வந்தே மாதரம்' சுப்பிரமணிய ஐயர் என்று போகின்றன. கடையும் சாவடியும் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த மனிதர்களைப் படிக்கும்போது, தென்காசிப் பக்கம் ஏதோ கல்யாண வீட்டில் மொய்நோட்டைப் புரட்டுவது போலவே எனக்கு இருந்தது. நம்முடைய ஊர்க்காரர்கள். ஒருவர் பெயரையும் நான் வகுப்பில் சொன்னதில்லை.

அந்தச் சட்ட அறிக்கையில் பூட்டனார் பெயர் இல்லை. எல்லாச் சாட்சிகளின் பெயரும் அதில் வந்திருக்காது, மூல ஆவணங்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்தான் பார்க்க வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னார்.

அதற்குப் போகுமுன், அதே ஜூன் 17ஆம் தேதி மணியாச்சிக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று தோன்றியது. என் கணவரையும் இழுத்துக்கொண்டு பாசஞ்சரில் போனேன். இப்போது அதன் பெயர் வாஞ்சி மணியாச்சி. சுற்றிலும் கரிசல், மரங்கள் குறைவு. ஆனிக்காற்று எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரலாக விழுவது, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி இந்த வெட்டவெளிக்கு வரும்போது ஈரமெல்லாம் உதிர்ந்து வெறும் வேகமாக வந்து அறைகிறது. சேலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபதடி தூரத்தில் இருந்து என் கணவர் வாயசைப்பது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்பது கேட்கவில்லை. கிட்டே வந்து, "காப்பி வேணுமான்னு எத்தன தடவ கேக்கது?" என்று கோபித்துக்கொண்டார். அன்று துப்பாக்கிச் சத்தத்தையும் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு குறிப்பைப் பிற்பாடு படித்தபோது, ஆச்சியின் கதையில் முதல் கீறல் விழுந்தது. ஸ்டேஷனுக்கு வெகுதூரம் தள்ளி, பாயிண்ட் அருகே நின்றவருக்குச் சத்தம் எப்படிக் கேட்டது?

காப்பகத்தில் பார்க்க ஓர் அறிமுகக் கடிதம் தேவைப்பட்டது. கல்லூரியில் வேலை செய்யாத, ஆய்வாளராகப் பதிவு செய்துகொள்ளாத ஒருத்திக்கு அதை யார் கொடுப்பார்கள்? நான் அணுகிய கல்வி நிறுவனம் ஒன்றில், கடிதம் தட்டச்சாகி மேசையில் இருந்தும், கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பு, முத்திரை வைத்திருப்பவர் தேர்வுப் பணி என்று ஐந்து வாரம் நடக்கவிட்டார்கள். பெயரைச் சொல்லிப் பயனில்லை. கடைசியில் என் பழைய மாணவர் ஒருவர், இப்போது வேறொரு கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர், ஒரே நாளில் எழுதிக் கொடுத்தார். அடையாள அட்டை, புகைப்படம், எதற்காகப் பார்க்கிறேன் என்ற விண்ணப்பம் எல்லாம் சேர்த்து அனுமதி பெற்று, எழும்பூரில் அந்தப் பெரிய சிவப்புக் கட்டடத்துக்குள் நான் நுழைந்தபோது, தீபாவளி கழிந்திருந்தது.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். அங்கே 'ஆஷ் கொலை வழக்கு' என்று ஒரு கட்டு இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள் என்று எண்ணிப் போகக் கூடாது. எந்தத் துறை, அரசாணை எண் என்ன, நாள் என்ன என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் கட்டு வரும். அந்த எண்ணை அட்டவணைத் தொகுதிகளில் நாமே தேடி எடுக்க வேண்டும். நான் இரண்டு நாள் முழுக்க 'வாஞ்சிநாதன்' என்று தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ஓர் ஆய்வு மாணவி, "அம்மா, அவங்க எழுதினது வாஞ்சி ஐயர்னு. ஊர்ப் பேரும் நாம சொல்ற மாதிரி இருக்காது" என்றாள். அவருடைய இயற்பெயர் சங்கரன் என்பதையும், சிலையில் நாம் படிக்கும் பெயர் பின்னால் நிலைத்தது என்பதையும் அப்போதுதான் மனத்தில் வாங்கிக்கொண்டேன். செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956இல்தான் நம்மோடு சேர்ந்தது. வாஞ்சி வேலை பார்த்த புனலூர் வனத்துறையும் திருவிதாங்கூருடையது. ஆகவே அவரைப் பற்றிய விசாரணையில் ஒரு பகுதி இரண்டு அரசுகளுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்து. நான் நீதித்துறைக் கட்டுகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கட்டுகள் வந்தபோது, பழைய நாடாவால் கட்டி, ஓரம் பொடிந்து, திருப்பும்போதெல்லாம் மேசையில் பழுப்புத் தூள் உதிர்ந்தது. பென்சிலால் மட்டுமே குறிப்பெடுக்கலாம். மாலையில் எழும்போது என் சேலை மடியில் முறுக்கு தின்றதுபோல நொறுங்கல் கிடக்கும். தட்டிவிடவும் மனம் வராது.

வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தை முழுதாகப் படித்தது இந்த நாள்களில்தான். ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா ஜூன் 22. அதற்கு ஐந்து நாள் முன்பு நடந்த கொலை இது. ஜார்ஜ் இந்த மண்ணில் கால் வைத்தவுடன் கொல்லுவதற்கு 3000 மதராசிகள் பிரதிக்கினை செய்திருப்பதாகவும், அவர்களில் கடையேனாகிய தான் இதைச் செய்ததாகவும் எழுதி, 'ஆர். வாஞ்சி அய்யர்' என்று கையெழுத்திட்டிருக்கிறார். நாட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்ற கோபத்தோடு, ஸனாதன தர்மம் மிதிக்கப்படுகிறது, அரசர் மிலேச்சன், மாட்டிறைச்சி தின்பவன் என்ற கோபமும் அதே கடிதத்தில் இருக்கிறது. ஒரு சாரார் முதற்பாதியை மட்டும் சொல்கிறார்கள். இன்னொரு சாரார் பிற்பாதியை மட்டும் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே கை எழுதியது. இனி வகுப்பு எடுக்க நேர்ந்தால் கடிதத்தை முழுதாகத்தான் படித்துக் காட்டுவேன்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டவர் வாஞ்சி அல்லர், நீலகண்டர். சீர்காழிப் பக்கத்து எருக்கூரில் பிறந்தவர். புதுச்சேரியில் 'சூரியோதயம்' இதழை நடத்தியவர். நம் ஊர்களில் சுற்றி ஆள் சேர்த்திருக்கிறார். தென்காசியில் ஒரு வீட்டில் காளி படத்தின் முன்னே, குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் இரத்தம் என்று சொல்லிக் குடித்துச் சத்தியம் செய்தார்கள் என்பது அப்ரூவர்களின், அதாவது உடன் இருந்துவிட்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர்களின், வாக்குமூலம். தங்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசியவர்களின் வார்த்தை என்பதை நினைவில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். என்றாலும் அந்தக் குங்கும நீரை இட்டுக்கட்டியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொலை நடந்த அன்று நீலகண்டர் மணியாச்சியில் இல்லை. 1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது 22. ஏழாண்டுச் சிறை. சங்கரகிருஷ்ணனுக்கு நான்காண்டு, வேறு சிலருக்கு அதைவிடக் குறைவு, சிலர் விடுதலையானார்கள். சங்கரன் நாயர் தனித் தீர்ப்பு எழுதினார். 1897இல் காங்கிரஸ் தலைவராக இருந்தவர் அந்த நாற்காலியில் அமர்ந்து இந்த 14 பேரை விசாரித்த காட்சியை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். தேடப்பட்டவர்களில் இருவர் வழக்குவரை வராமல் தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

நீலகண்டர் சிறையிலிருந்து ஒருமுறை தப்பினார், பிடிபட்டார். 1919இல் வெளியே வந்தார். 1922இல் பொதுவுடைமைப் பிரசாரத்துக்காக மறுபடியும் உள்ளே போனார். இந்த முறை பத்தாண்டு என்று தீர்ப்பு. 1930இல் விடுதலையான பிறகு, கர்நாடகத்து நந்தி மலையில் ஓங்கார் என்ற பெயரில் சாமியாராக உட்கார்ந்துவிட்டார். இறந்தது 1978இல். அந்த ஆண்டு நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். ஆஷ் கொலையைத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வழக்கின் முதல் எதிரி ஒரு மலையுச்சியில் உயிரோடு இருந்திருக்கிறார் என்பதை எழும்பூரிலிருந்து திரும்பி வரும் நெல்லை எக்ஸ்பிரஸில், மேல்பர்த்தில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விருதுநகர் தாண்டும்வரை தூக்கம் வரவில்லை.

பூட்டனார் பெயர் நான் பார்த்த எந்தக் கட்டிலும் இல்லை. விடை கிடைத்தது சென்னையில் அல்ல. தச்சநல்லூரில் சித்தி வீட்டுப் பரணில். பொங்கலுக்கு வெள்ளையடிக்க இறக்கிய தகரப்பெட்டியில், நான்காக மடித்த ஒரு காகிதம். தென்னிந்திய ரயில்வேயில் அவருடைய பணிக் குறிப்பு. 1911இல் தூத்துக்குடியில் வேலை. மணியாச்சிக்கு மாற்றல் ஆனது 1914இல். மூன்று ஆண்டு கழித்து அந்த ஸ்டேஷனுக்குப் போனவர், அங்கிருந்த சக வேலையாள் யாரிடமோ கேட்டதை ஆச்சியிடம் சொல்லியிருக்கிறார். சிறுமியாக இருந்த ஆச்சி, கேட்டவரை ஓடியவராக ஆக்கிக்கொண்டிருக்கிறார். அல்லது அவரே அப்படிச் சொல்லியிருக்கலாம். கேட்க யாரும் இல்லை.

எழும்பூரிலிருந்து ஊருக்கு வந்த அன்று மாலை, பாளையங்கோட்டை ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் ஆஷின் கல்லறையைப் பார்க்கப் போனேன். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இத்தனை ஆண்டில் அதற்குள் கால் வைத்தது அதுவே முதல் முறை.

காகிதத்தைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன். 84 வயது, காது சற்று மந்தம். இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு பூஜை அலமாரியில் இருந்த வெண்கலச் செம்பை எடுத்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து என் கையில் வைத்தாள்.

"அவாள் ஓடுனாவளோ இல்லியோ, இது மெட்ராஸ்ல வாங்குனதுதாம்ட்டி. அதுல மாத்தமே கெடயாது" என்றாள்.