ஒற்றைச் சக்கரத்தில் தரை தொட்ட நாள்

செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் பயிற்சி பெற்றுவந்த நாட்களில், பக்கவாட்டுக் காற்றில் தரையிறங்குவதைப் போல வேறெதுவும் என்னை அச்சுறுத்தியதில்லை. அன்று 27ஆம் எண் ஓடுபாதையில், அதாவது மேற்கு நோக்கி 270 பாகையில், இறங்க வேண்டியிருந்தது. காற்று 210 பாகையிலிருந்து 14 நாட் (மணிக்குச் சுமார் 26 கி.மீ.) வேகத்தில் வீசுவதாகக் கட்டுப்பாட்டு டவரிலிருந்து தெரிவித்தார்கள். இடைக்கோணம் 60 பாகை. ஆகவே அதில் ஏறத்தாழ 12 நாட் எங்களைப் பக்கவாட்டில் தள்ளும். இந்த விமானத்தை 15 நாட் பக்கவாட்டுக் காற்று வரை இறக்கிக் காட்டியிருப்பதாகக் கையேடு கூறுகிறது. அது தேர்ந்த சோதனை விமானி செய்து காட்டிய அளவே தவிர, பழகுநருக்குத் தரப்பட்ட உத்தரவாதம் அன்று.

மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, நண்டு நகர்வதைப் போலவே நடுக்கோட்டின் வழியே இறங்கி வந்தோம். அந்த நிலையிலேயே தரை தொட்டால் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடும். எனவே ஓடுபாதையை நெருங்கியதும் வலது ரடரை (மூக்கை இட வலமாகத் திருப்பும் மிதியை) மிதித்து மூக்கை நேராக்கினேன்; காற்று எங்களை வலப்புறம் ஒதுக்கிவிடாதபடி இடது இறக்கையைத் தாழ்த்திப் பிடித்தேன். கை ஒரு பக்கமும் கால் மறுபக்கமுமாக இயங்கும் அந்தச் சில விநாடிகள் பழகுவதற்கு மிகவும் கடினமானவை.

முதலில் இடது சக்கரம், பிறகு வலது, கடைசியாக மூக்குச் சக்கரம் எனச் சரியாகவே தரை தொட்டோம். நிம்மதியில் என் கை தானாகத் தளர்ந்தது. மறுகணமே இடது இறக்கை மேலெழும்ப, விமானத்தின் மூக்கு காற்றை நோக்கித் திரும்பி, ஓடுபாதையின் இடது விளிம்பு எங்களை நெருங்கியது. பயிற்றுநர் பதறாமல் எய்லரானை (இறக்கைகளைச் சாய்க்கும் கைக்கட்டுப்பாட்டை) இடப்புறம் முழுவதுமாகத் திருப்பி, வலது ரடரை மிதித்து நேராக்கினார். “கையை விடாதீங்க தம்பி, காத்து இன்னும் விடல” என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. வேகம் குறையக் குறைய எய்லரானின் பிடிமானமும் குறைகிறது. காற்றோ அதே வலுவோடு வீசுகிறது. ஆதலால் தரை தொட்டபின் எய்லரானைத் தளர்த்துவதற்கு மாறாக, படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதைப் பாடத்தில் படித்திருந்தும் என் கைக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அன்றே இன்னும் மூன்று முறை சுற்றி வந்து இறங்கினோம். கடைசி முறை, ஓடுபாதையை விட்டு விலகும்வரை எய்லரான் இடப்புறம் முழுவதுமாகத் திரும்பியே இருந்தது; பயிற்றுநரின் கைகள் அவர் மடியிலேயே இருந்தன.