வளைந்த கம்பிக்கு மார்க் போட்டவர்கள்

எங்கள் லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நாசாவின் எஸ்டி5 என்ற செயற்கைக்கோள் திட்டத்துக்காக அல்காரிதம் உருவாக்கிய ஆன்டெனாவின் படத்தைக் காட்டினால் முதலில் சிரிப்பார்கள். பேப்பர் கிளிப்பை யாரோ கடுப்பில் முறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். 2006 மார்ச்சில், ஆளுக்குச் சுமார் 25 கிலோ எடையுள்ள மூன்று நாசா செயற்கைக்கோள்களில் ஏறிப் போனது இதுதான்.

இதைக் "கம்ப்யூட்டரே கண்டுபிடித்தது" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஜேசன் லோன், கிரெகரி ஹார்ன்பி குழு ஓட்டிய, உயிரினப் பரிணாமத்தைப் போல வேலை செய்யும் அல்காரிதம் அப்படியொன்றும் மாயம் இல்லை. கம்பியை இவ்வளவு நீட்டு, இந்தக் கோணத்தில் திருப்பு என்ற கட்டளை வரிசைதான் மரபணு. முதலில் செய்த மாதிரிக்கு நாலு கம்பிக் கைகள்; ஒரு கைக்கு எழுதினால் போதும், 90 டிகிரி வீதம் சுழற்றினால் மற்ற மூன்றும் வந்துவிடும். தேறியதைக் கலந்து, கொஞ்சம் மாற்றி, மறுபடி சிமுலேட்டரில் ஓட்ட வேண்டியதுதான்.

மூளை முழுக்க ஒவ்வொரு வடிவத்துக்கும் மார்க் போடுவதில் இருக்கிறது. அனுப்பும் 8,470 மெகாஹெர்ட்ஸில் விஎஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) 1.2க்குக் கீழே, வாங்கும் 7,209ல் 1.5க்குக் கீழே. உச்சியிலிருந்து 40 முதல் 80 டிகிரி வரை கெயின், அதாவது அந்தத் திசையில் சிக்னலின் பலம், 0 டிபிஐசிக்குக் (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஆன்டெனாவோடு ஒப்பிடும் டெசிபல் அளவு) கீழே இறங்கக் கூடாது. எனக்குப் பிடித்தது இன்னொன்று: வளைவுகளை வேண்டுமென்றே லேசாகக் கலைத்துப் பல தடவை ஓட்டியிருக்கிறார்கள். இங்கே அலைநீளமே மூன்றரை, நாலு செ.மீ.தான். மூக்குக் குறடால் வளைக்கும்போது ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் என்ன ஆகும் என்பது கம்பி வளைத்தவனுக்குத் தெரியும்.

நடுவில் சுற்றுப்பாதையை மாற்றிவிட்டார்கள். இப்போது உச்சிப் பக்கமும் சிக்னல் வேண்டும். கையால் டிசைன் செய்பவன் தலையில் கை வைத்திருப்பான். இவர்கள் மார்க் விதியைத் திருத்தி மறுபடி ஓட்டி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் புது மாதிரியைக் கையில் வைத்திருந்தார்கள். முந்தையதில் கிளைகள் உண்டு. புதியதில் கிளையே இல்லை. வழக்கமான குவாட்ரிஃபைலர் ஹெலிக்ஸ் (நாலு கம்பிகளைச் சுருளாகச் சுற்றிய ஆன்டெனா) ஜோடி 38 சதவீதச் செயல்திறன் காட்டிய இடத்தில், பரிணாம ஜோடி 93 காட்டியது.

வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க 4நெக்2 என்ற ஆன்டெனா சிமுலேட்டர் போதும், இலவசம், ஜெனடிக் ஆப்டிமைசர் உள்ளேயே இருக்கிறது. ஒன்று மட்டும்: ஒன்றையொன்று உரசுகிற கம்பிகளுக்கு அதற்குள் இருக்கும் நெக் என்ற கணக்கு நிரல் தப்பாகக் கணக்குப் போடும், அல்காரிதம் அந்த ஓட்டையையே மோப்பம் பிடித்து அபார கெயினைக் கொண்டுவந்து நீட்டும். மாடலின் கணக்கு நம்பத்தக்கதா என்று சோதிக்கும் ஆவரேஜ் கெயின் டெஸ்ட் 1க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கம்பியை வெட்டுங்கள்.