சிக்னல் எப்படிக் குறைகிறது?

சிக்னல் பலவீனமாக வருகிறது என்றதும், "எத்தனை டெசிபல் குறைவு?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எப்படிக் குறைகிறது என்று கேட்பவர்கள் குறைவு. காரணத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விதான்.

மாணவர்கள் செய்த சிறு செயற்கைக்கோள் ஒன்றின் தரைநிலையம் என் பொறுப்பில் இருந்தது. 500 கிலோமீட்டர் உயரம், 437 மெகாஹெர்ட்ஸ், அரை வாட் பீக்கன் (தான் இருப்பதை அறிவித்துக்கொண்டே இருக்கும் சிக்னல்). மழைக்காலம் தொடங்கியதும் டெலிமெட்ரி பாக்கெட்டுகள், அதாவது தன் நிலையைச் சொல்லி அது அனுப்பும் தரவுத் துண்டுகள், விடுபட ஆரம்பித்தன. "பேட்டரி போயிருக்கும் சார்" என்றார்கள். மேலே இருப்பதன்மேல் பழி போடுவது சுலபம். யாரும் ஏறிப்போய்ப் பார்க்கப்போவதில்லையே.

பதிவுசெய்திருந்த பாஸ்களை (செயற்கைக்கோள் எங்கள் வானத்தைக் கடந்த ஒவ்வொரு முறையையும்) வாட்டர்ஃபாலில், அதாவது அதிர்வெண்ணும் பலமும் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படத்தில், ஓடவிட்டோம். அடிவானத்தில் செயற்கைக்கோள் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். உச்சிக்கு வந்தால் 500. இந்தத் தூர வித்தியாசமே 14 டெசிபல். ஆகவே ஓரத்தில் மங்கி நடுவில் தெளிவது கோளாறே அல்ல. கூடவே ஏவப்பட்ட வேறொரு செயற்கைக்கோளின் டிஎல்இயை (சுற்றுப்பாதைத் தரவை) வைத்துத் துரத்தினால் டாப்ளர் வளைவு (நெருங்கி விலகும்போது அதிர்வெண் மாறும் விதம்) கணக்கோடு ஒட்டாது, எங்களுக்கு ஒட்டியது. ஒரு திசையில் மட்டும் மோசமென்றால் பக்கத்துக் கட்டடத்து எல்இடி விளக்கு கிளப்பும் ரேடியோ இரைச்சலைச் சந்தேகிக்கலாம். இங்கே எல்லாத் திசையிலும், பாஸ் முழுக்க ஒரே அளவு குறைவு. போதாததற்குச் சீரான இடைவெளியில் சிக்னல் சட்டென்று விழுந்து எழும் பள்ளங்கள் வேறு.

1996-இல் ஏவப்பட்ட ஜப்பானின் அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோள் ஃபுஜி ஆஸ்கார் 29-இன் மோர்ஸ் பீக்கன் 435.795 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். ஆன்டெனாவை அதன் பக்கம் திருப்பிக் கேட்டோம். அதுவும் வழக்கத்தைவிட மங்கல்தான். கோளாறு மேலே இல்லை, எங்கள் பக்கம். அப்புறமென்ன, மாடிக்கு ஏற வேண்டியதுதான்.

ஆன்டெனாவுக்கும் ப்ரீஆம்புக்கும் (வரும் சிக்னலை முதலில் பெருக்கும் கருவிக்கும்) இடையே ஒரு துண்டு கேபிள். டேப்பைப் பிரித்தால் மேல்சுற்று காய்ந்திருந்தது, அடிச்சுற்றில் ஈரம். கனெக்டரைக் கழற்றியதும் செம்புப் பின்னல் பச்சையும் கருப்புமாக நின்றது. மல்டிமீட்டர் மட்டும் கூசாமல் "தொடர்பு சரி" என்று பீப் அடித்தது. நேர்மின்னோட்டத்துக்கு அந்தப் பின்னல் போதும். 437 மெகாஹெர்ட்ஸுக்குப் போதாது. ப்ரீஆம்புக்குப் பின்னாலுள்ள நீளக் கேபிளில் இதே இழப்பு இருந்திருந்தால் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. ப்ரீஆம்புக்கு முன்னால் இழக்கும் ஒவ்வொரு டெசிபலும் அப்படியே இரைச்சல் கணக்கில் ஏறிவிடும்.

துண்டை மாற்றி, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, தண்ணீர் சொட்டிவிட கேபிளில் கீழ்நோக்கி ஒரு வளைவும் விட்டோம். ஃபுஜி பழைய பலத்துக்கு வந்தது. எங்கள் பீக்கனும் ஏறியது. பேட்டரி வோல்டேஜும் நன்றாகவே இருந்தது.

பள்ளங்கள் மட்டும் போகவில்லை. வலப்பக்கமாகச் சுழலும் அலையைப் பிடிக்கும் வலச்சுழலிலிருந்து எதிர்ப்பக்கமான இடச்சுழலுக்கு ஆன்டெனாவை மாற்றியபோது அவற்றில் சில நிரம்பின. செயற்கைக்கோள் உருண்டுகொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. பள்ளங்களின் இடைவெளியை ஒவ்வொரு பாஸிலும் குறித்து, டெலிமெட்ரியில் வரும் கைரோ (சுழலும் வேகத்தை அளக்கும் கருவி) எண்ணோடு ஒப்பிடும் வேலையை மாணவர்களே எடுத்துக்கொண்டார்கள். உருளல் அடங்கும்வரை ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு முறை அனுப்பும்படி கட்டளை ஏற்றினோம்.