175 பவுண்ட் வந்த காலை

பேருந்தில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. 175 பவுண்ட் வரவு. போன மாதம் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றினேனே, அதற்குப் புது வங்கி தந்த போனஸ்.

உடனே மனைவிக்கு அனுப்பினேன்.

"இதுக்கும் வரி பிடிப்பாங்களா?" என்று பதில். சந்தோஷம் எல்லாம் அப்புறம்தான்!

மதியம் உட்கார்ந்து படித்தேன். பிரிட்டன் வரித்துறை 1997லேயே கேஷ்பேக் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 40 பவுண்டுக்குச் செருப்பு வாங்கி 2 பவுண்ட் திரும்பி வந்தால், செருப்பின் விலை 38, அவ்வளவுதான். வருமானமே இல்லை, அப்புறம் எதற்கு வரி? (சொந்தத் தொழில் செய்கிறவர் மட்டும் செலவுக் கணக்கில் 38 என்றே எழுத வேண்டும்.)

ஒரே ஒருமுறை தரும் போனஸுக்கும் பொதுவாக வரி இல்லை. போட்ட பணத்துக்கு வரும் வட்டி அல்லவே அது.

சிக்கல், மாதாமாதம் வரும் 'ரிவார்டு'. கணக்கை வைத்திருப்பதற்காகத் தொடர்ந்து வருவதால் அது வரிக்கு உட்பட்ட வருமானமாகிவிடலாம். அப்போது வங்கியே 20 சதவீதம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தரும்.

பழைய கணக்கின் ஸ்டேட்மென்டைத் தேடி எடுத்தேன். மாதம் தவறாமல் 4.00. பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'நிகரம்', அதாவது வரி போக மிச்சம். ஐந்தில் ஒன்று போயிருக்கிறது! இரண்டு வருடமாக அந்தச் சொல் என் கண்ணில் பட்டதே இல்லை.

மனைவி வேலைக்குப் போகாத வருடத்தில் அவள் கணக்கிலும் இப்படித்தான் பிடித்திருக்கிறார்கள். வருமானம் வரியில்லா வரம்புக்குள் இருந்தால், நான்கு வருடத்துக்குள் திரும்பக் கேட்கலாம்.

படிவத்தை இறக்கி வைத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.