விஜிஎம் பிளகினுக்கு எமுலேஷன் லைப்ரரி தேர்ந்தெடுத்த விதம்

மியூசிக் பிளேயரில் விஜிஎம் கோப்புகளை (பழைய கேம்களின் ஒலிச் சிப்களுக்குச் சென்ற கட்டளைகளின் பதிவு) ஓடவைக்க வேண்டும் என்றதும், எந்த எமுலேஷன் (சிப்பை மென்பொருளால் போலச் செய்வது) துல்லியமானது என்ற கேள்விதான் முதலில் எழும். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கையிலிருந்த கோப்புகளின் ஹெடரை (தொடக்கத் தகவல் பகுதி) படிப்பதில் தொடங்கினோம். 12ஆம் பைட்டில் எஸ்என்76489, 16இல் ஒய்எம்2413, 44இல் ஒய்எம்2612, 48இல் ஒய்எம்2151 என்று ஒவ்வொரு ஒலிச் சிப்பின் கிளாக் வேகமும் 4 பைட்டில் இருக்கும். பூஜ்ஜியம் என்றால் அந்தச் சிப் இல்லை. 30ஆம் பிட் 1 ஆக இருந்தால் அதே சிப் இரண்டு. பதிப்பு 1.01 வரையிலான கோப்புகளில் 44, 48 இடங்களை நம்பக்கூடாது. ஒய்எம்2413 கிளாக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும். விஜிஇசட் (ஜிஜிப்பால் சுருக்கிய விஜிஎம்) என்றால் இதற்கெல்லாம் முன்பு ஜிஜிப் பிரிக்க வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பே பாதி முடிவைச் சொல்லிவிட்டது. கேம் மியூசிக் எமு எளிமையான சி இடைமுகம் கொண்ட சி++ லைப்ரரி. என்எஸ்எஃப், எஸ்பிசி, ஜிபிஎஸ் போன்ற நிண்டெண்டோ இசைக் கோப்புகள் எல்லாம் அதில் நன்றாக ஓடும். ஆனால் விஜிஎம்மில் சேகா கன்சோல் சிப்களோடு நின்றுவிடுகிறது. ஒய்எம்2151 கோப்பைக் கொடுத்தால் பிழை வராது. தெரியாத கட்டளைகளைத் தாண்டிப் போய்விடும், மௌனம்தான் கேட்கும். ஒய்எம்எஃப்எம் என்ற இன்னொரு லைப்ரரி பிஎஸ்டி உரிமம் கொண்டது, யமஹா எஃப்எம் சிப்களுக்கு மிக நல்லது. ஆனால் விஜிஎம்மைப் படிப்பது, எஸ்என்76489, ரீசாம்பிளிங் (சாம்பிள் வேகத்தை மாற்றுவது) மூன்றையும் நாமே எழுத வேண்டும். எனவே விஜிஎம்முக்கு லிப்விஜிஎம் என்ற லைப்ரரி, மற்றவற்றுக்கு கேம் மியூசிக் எமு என்று பிரித்தோம்.

உரிமத்தை முன்கூட்டியே பாருங்கள். கேம் மியூசிக் எமு எல்ஜிபிஎல் 2.1; ஆனால் ஒய்எம்2612க்கு மேம் எமுலேட்டரின் கோரை (சிப்பைப் போலச் செய்யும் நிரல்பகுதி) தேர்ந்து பில்டு செய்தால் முழுதும் ஜிபிஎல் ஆகிவிடும். லிப்விஜிஎம்மில் ஒவ்வொரு கோருக்கும் உரிமம் வேறு.

கேம் மியூசிக் எமுவின் பிளே ஃபங்ஷனுக்குத் தரும் எண்ணிக்கை ஸ்டீரியோ ஜோடிகளின் எண்ணிக்கை அன்று. இரு சேனலும் சேர்ந்த 16 பிட் சாம்பிள்கள். பாதியைக் கொடுத்தால் பஃபரின் மறுபாதியில் பழைய ஒலி கரகரக்கும். நீளம் தெரியாத பாட்டுக்கு 150 விநாடி என்று வைத்துக்கொள்ளும். ஃபேடை (முடிவில் ஒலி மெல்லக் குறைவது) நாம்தான் அமைக்க வேண்டும்.

அதிகம் தவறு நடப்பது நேரக்கணக்கில்தான். விஜிஎம்மில் கட்டளைகளுக்கு இடையிலான காத்திருப்புகள் 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள்களில் எண்ணப்படுபவை. பிளேயர் 48,000இல் ஓடும்போது 735 சாம்பிள் (விநாடியில் 60இல் ஒரு பங்கு) சரியாக 800 ஆகிவிடும், சிக்கல் தெரியாது. ஆனால் டிஏசி (எண்ணை ஒலியாக மாற்றும் பகுதி) வழியாக வரும் டிரம் ஒலிகளுக்கு வரும் ஒரு சாம்பிள் காத்திருப்பு 1.088 ஆகிறது. தசமத்தை வெட்டிவிட்டால் டிரம் 8 சதவீதத்துக்கு மேல் வேகமாகி, சுருதி ஒரு செமிடோனுக்கும் மேலே ஏறும். மிச்சத்தை அடுத்த காத்திருப்போடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும். சிப்பின் சொந்த வேகம் வேறு: என்டிஎஸ்சி மெகா டிரைவில் ஒய்எம்2612 கிளாக் 76,70,453, 144ஆல் வகுத்தால் 53,267 ஹெர்ட்ஸ்.

துல்லியத்துக்கு இப்போது வருவோம். நியூக்ட் ஓபிஎன்2 என்ற கோர், ஒய்எம்2612இன் பிந்தைய வடிவமான ஒய்எம்3438 சிப்பின் உட்புறப் படத்தைப் பார்த்து எழுதப்பட்டது. பழைய ஒய்எம்2612இன் டிஏசி திரிபு மெல்லிய ஒலிகளில் வேண்டுமென்றால் சிப் வகையை மாற்ற வேண்டும். அதன் மூலக்கோடில் அந்த அமைப்பு எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் பொதுவான ஒரே மாறி. இரண்டு பாட்டு ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். ஒரு சாம்பிளுக்கு 24 முறை கிளாக் ஓட்ட வேண்டும், அதாவது விநாடிக்குச் சுமார் 12.8 லட்சம் அழைப்புகள். வாசிக்கும்போது தாங்கும், 8ஆம் நிமிடத்துக்கு சீக் செய்தால் (தாவினால்) 61 கோடி.

சீக்கின்போது ரெஜிஸ்டர்களில் மட்டும் எழுதிக்கொண்டே போகவும் முடியாது. இடையே கிளாக் ஓடாவிட்டால் முந்தைய மதிப்பு அழிந்துவிடும். நிழல் அட்டவணை ஒன்றில் கடைசி மதிப்புகளை மட்டும் வைத்து, சேர வேண்டிய இடத்தில் போதிய கிளாக் விட்டு ஒருமுறை எழுதுங்கள். ஸ்வரத்தைத் தொடங்கி நிறுத்தும் 40ஆம் ரெஜிஸ்டர் எல்லா சேனலுக்கும் பொது என்பதால் 6 மதிப்புகள் தனியாக வேண்டும். அதிர்வெண்ணுக்கு 164ஆம் ரெஜிஸ்டரை முதலில், 160ஐப் பிறகு எழுதுங்கள். மாற்றி எழுதினால் ஸ்வரம் தவறான ஆக்டேவில் வந்து நிற்கும்.