டிவியில் மனை பார்த்து முன்பணம் கொடுக்கும் முன்

ஞாயிறு காலையில் டிவியில் ஓடும் வீட்டுமனை நிகழ்ச்சிகளை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் செய்தியைப் போலவே நம்புகிறார்கள். அது செய்தி அல்ல. அந்த நேரத்தைப் பெரும்பாலும் மனை விற்பவரே காசு கொடுத்து வாங்கியிருப்பார். தொகுப்பாளர் ஆச்சரியப்படுவதும் கேள்வி கேட்பதும் அந்தக் காசுக்குள் அடக்கம். ‘விளம்பரதாரர் நிகழ்ச்சி’ என்று ஓரத்தில் பொடி எழுத்தில் வருவதை யார் படிக்கிறார்கள்?

ட்ரோனை உயர விட்டுப் படம் பிடித்தால் கங்கைகொண்டான் தாண்டிய பொட்டல்கூட திருநெல்வேலி ஜங்ஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். மஞ்சள் பெயிண்ட் அடித்த கல், புதிதாகத் தட்டிய செம்மண் ரோடு, நேற்று நட்ட தென்னங்கன்று எல்லாம் காட்டுவார்கள். குளத்துக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கும் இடம் கார்த்திகை மழையில் எப்படி இருக்கும் என்று மட்டும் காட்ட மாட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் நம் ஊர். அந்த வாரம் அங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெரா ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு எண்ணும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டால் 12-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். வில்லங்கத்தை, அதாவது அந்த மனை மீது ஏற்கெனவே பதிவான விற்பனை, அடமான விவரத்தை, பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் அப்பா, மாமா, சித்தப்பாவுக்கு இதைத் தயவுசெய்து படித்துக் காட்டுங்கள்.