குயின்ஸ் பார்க்கில் இறங்கி, சென்ற் ஜோர்ஜில் ஏறி

கனடாவுக்கு வந்த முதல் வருடம் எனக்குக் கிடைத்த வேலை ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவது. லீவு செவ்வாயும் புதனும். தெரிந்த சனம் எல்லாம் வேலைக்குப் போயிருக்கிற நாட்களில், ஸ்காபரோ பேஸ்மென்ற் யன்னலால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருக்கலாம்? வெளியே போனால் காசு. மோலுக்குப் போனால் எதையாவது வாங்காமல் திரும்ப முடியாது. சி.என். கோபுரத்துக்குப் போய் ஏறுவதற்கான கட்டணத்தைப் பார்த்துவிட்டு, கீழே நின்று படம் எடுத்ததோடு சரி. ஆங்கில வகுப்பு எடுத்த ஆசிரியைதான் ஒருநாள் சொன்னார்: "ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைப் போய் நடந்து பாருங்கள். வரைபடம் இணையத்தில் இருக்கிறது. ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்."

ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. ஊரில் நான் படித்த பல்கலைக்கழகத்துக்கே, பட்டம் எடுத்த பிறகு ஒரு கடிதம் வாங்கப் போனபோது, வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்து, கொப்பியில் பெயர் எழுதி, யாரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லித்தான் உள்ளே போக முடிந்தது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். மதில், படலை, காவலாளி மூன்றும் இருந்தால்தான் அது பல்கலைக்கழகம்.

இங்கே மதிலே இல்லை. நகரத்தின் வீதி எங்கே முடிந்து வளாகம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு போட்டுக் காட்ட முடியாது. கொலிஜ் வீதியில் டிராம் ஓடிக்கொண்டிருக்கும், அதன் ஓரத்திலேயே விரிவுரை மண்டபம் நிற்கும்.

ஸ்காபரோப் பக்கம் இருந்து போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கெனடி நிலையத்தில் இரண்டாம் இலக்கச் சப்வேப் பாதையில் ஏறி சென்ற் ஜோர்ஜ் வரை வந்து, முதலாம் பாதைக்கு மாறி, தெற்கே குயின்ஸ் பார்க்கில் இறங்குங்கள். அங்கிருந்து வடக்கு நோக்கி நடந்தால் திரும்பவும் சென்ற் ஜோர்ஜில் வந்து முடியும். வந்த வழியால் திரும்பி நடக்கத் தேவையில்லை. பிரெஸ்ரோ என்ற பயண அட்டையைத் தட்டினால் ஒரு கட்டணத்தில் 2 மணி நேரம் ஏறி இறங்கலாம், ஆனால் இந்த நடைக்கு அது காணாது. ஆறுதலாகப் பார்த்தால் அரை நாள் போகும். போகவும் வரவும் தனித்தனிக் கட்டணம் என்றே கணக்கு வையுங்கள்.

சப்வேயிலிருந்து மேலே வந்தால் கொலிஜ் வீதி. தெற்குப் பக்கம் பழைய ரொறன்ரோ பொது மருத்துவமனைக் கட்டடம், வடக்குப் பக்கம் பான்ரிங் பெயரிலும் பெஸ்ட் பெயரிலும் கட்டடங்கள் எழும்பிய இடம். இன்சுலின் கண்டுபிடித்த இடம் இது. 1921 கோடையில் பிரெடரிக் பான்ரிங் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரும் சார்ள்ஸ் பெஸ்ட் என்ற மாணவரும், பேராசிரியர் மக்லியட்டின் ஆய்வுகூடத்தில் நாய்களை வைத்துச் செய்த பரிசோதனை. அந்தப் பழைய மருத்துவக் கட்டடம் இப்போது இல்லை, அது நின்ற பக்கத்தில் பெரிய சீமெந்துக் கட்டடம் ஒன்று எழும்பியிருக்கிறது. 1922 ஜனவரி 11ஆம் திகதி லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. அது சரிவரவில்லை, மருந்தில் அழுக்கு இருந்தது. ஜேம்ஸ் கொலிப் என்ற இரசாயனவியலாளர் அதைச் சுத்திகரித்துக் கொடுத்து, 23ஆம் திகதி திரும்பப் போட்டபோது பையனின் சீனி இறங்கியது. அவன் 1935 வரை உயிரோடு இருந்தான்.

ஒருமுறை மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். மாமிக்கு நாலு வேளை ஊசி. கைப்பைக்குள் சின்ன நீலப் பை, அதற்குள் குளிர் வைக்கும் பொட்டலத்தோடு இன்சுலின் பேனை எந்நேரமும் இருக்கும். நான் அங்கே இருந்த நினைவுப் பலகையின் ஆங்கிலத்தை வாசித்து வாசித்துச் சொல்லச் சொல்ல, மாமி பையைத் திறந்து பேனையை எடுத்து, அதையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இஞ்சை வைச்சோ பிள்ளை கண்டுபிடிச்சவை?"

"ஓம் மாமி. காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்குத்தான் வித்தவை."

"ஒரு டொலரோ? விசரங்கள்," என்றார் மாமி. கொஞ்சம் தள்ளிப் போன பிறகு, "நல்ல விசரங்கள்," என்று சேர்த்துக்கொண்டார்.

1923இல் நோபல் பரிசு பான்ரிங்குக்கும் மக்லியட்டுக்கும்தான் போனது. பான்ரிங் தன் பங்குக் காசைப் பெஸ்டோடு பிரித்தார், மக்லியட் கொலிப்போடு பிரித்தார். இதைக் கேட்ட மாமிக்கு அந்த இரண்டு சோடியிலும் பெரிய மரியாதை வந்துவிட்டது. எங்கள் சனத்தில் வீட்டுக்கு ஒருவராவது சீனி வருத்தக்காரர். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் நயாகராவுக்கு முன்பே இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பேன்.

கொலிஜ் வீதியிலிருந்து வடக்கே போகிற கிங்ஸ் கொலிஜ் வீதி சின்ன வீதி. அவசரமாக நடந்தால் இரண்டு நிமிடம். 2024இல் பௌதிகவியல் நோபல் பெற்ற ஜெஃப்ரி ஹின்ரனின் ஆய்வுக்குழு இருந்தது இந்தப் பக்கம்தான். இன்றைய செயற்கை நுண்ணறிவின் அத்திவாரத்தில் ஒரு பங்கு இங்கே போடப்பட்டது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, சாதாரணச் செங்கல் கட்டடங்கள். நடந்துகொண்டே இருக்கலாம்.

வீதி முடிகிற இடத்தில் பெரிய வட்டப் புல்வெளி. முன்பு அதைச் சுற்றிக் கார்களை நிறுத்தியிருப்பார்களாம். இப்போது கார்களை நிலத்துக்குக் கீழே அனுப்பிவிட்டார்கள். அதற்கும் கீழே ஆழமாகத் துளை போட்டு, கோடை வெப்பத்தை மண்ணுக்குள் சேமித்து, குளிர்காலத்தில் கட்டடங்களுக்கு எடுக்கிறார்கள். மேலே பிள்ளைகள் பந்து எறிந்து விளையாடுகிறார்கள். இடப்பக்கம் 1907இல் திறந்த கொன்வொக்கேஷன் ஹோல், வட்டமாகக் கூரை வைத்தது. பட்டமளிப்பு நடக்கிற நாளில் போனால், கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகளுக்குப் பக்கத்தில் காஞ்சிபுரம் கட்டிய அம்மாமார் நின்று படம் எடுப்பதைப் பார்க்கலாம். அந்த நாளில் அங்கே தமிழ் காதில் விழாமல் இருக்காது.

வட்டத்தின் தலைமாட்டில் நிற்பதுதான் யூனிவர்சிற்றி கொலிஜ். 1859இல் கட்டி முடித்தது. அரைவட்ட வளைவுகள், கல்லில் செதுக்கிய முகங்கள், ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் வேறு மாதிரி. சோடி சேராத கட்டடம், ஆனால் வடிவு. இவான் ரெஸ்னிகொஃப் என்ற கல்வேலைக்காரன் ஒரு பெண் விஷயத்தில் கூட வேலை செய்தவனோடு மோதி, கோடரியை வீசி, கடைசியில் தானே செத்து இங்கே பேயாக அலைகிறான் என்று ஒரு கதை. கோடரி விழுந்த தழும்பு என்று ஒரு கதவையும் காட்டுகிறார்கள். பேய்க்கதை இல்லாத கல்லூரி எந்த நாட்டிலும் இல்லைப் போலிருக்கிறது.

என்னை அங்கே நிறுத்தி வைத்தது பேய் இல்லை, தீ. 1890 பெப்ரவரி 14. வருடாந்த விருந்துக்காக அன்று பின்னேரம் மண்ணெண்ணெய் விளக்குகளைத் தட்டில் ஏற்றி மாடிப்படியால் கொண்டுபோகும்போது தட்டு சரிந்தது. கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்தது. நூலகத்தில் இருந்த சுமார் 33,000 புத்தகங்களில் மிகச் சொற்பமே மிஞ்சின. இரண்டு வருடத்துக்குள் கட்டடத்தைத் திருத்தி எடுத்தார்கள். புத்தகங்களை மட்டும் திரும்ப அதற்குள் வைக்கவில்லை. வட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் தனி நூலகம் கட்டி 1892இல் திறந்தார்கள். இப்போது கேர்ஸ்ரீன் நூலகம் என்கிற கட்டடத்தின் பழைய பகுதி அதுதான்.

யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு இதை வாசித்துவிட்டு அடுத்த பலகைக்குப் போக முடியுமா? 1981 ஜூன் 1 விடியும்போது எங்கள் நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பல். அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அது நேற்று நடந்ததுபோலத்தான் பேசப்படும். இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று கை தவறியது, மற்றது கொளுத்தியது. இங்கே இரண்டு வருடம், அங்கே நூலகத்தை வாசகர்களுக்கு முழுமையாகத் திரும்பத் திறக்க இருபது வருடத்துக்கு மேல் போனது. கேர்ஸ்ரீனுக்குள் போய் ஒரு மேசையில் கொஞ்ச நேரம் இருந்தேன். அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

சரி, அப்படியென்றால் இந்த இடம் எல்லோருக்கும் எப்போதும் திறந்தே இருந்ததா? இல்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஹார்ட் ஹவுஸுக்குப் போனால் தெரியும். மாசி என்ற பெயருடைய குடும்பம் கட்டிக் கொடுத்த மாணவர் மாளிகை, 1919இல் திறந்தது. சாப்பாட்டு மண்டபம், நூலகம், நீச்சல் தடாகம், நாடக அரங்கு எல்லாம் உண்டு. 1972 வரை பெண்கள் அதில் முழு உறுப்பினராக முடியாது. 1957இல் அப்போது செனட்டராக இருந்த ஜோன் எஃப். கென்னடி விவாதம் செய்ய இங்கே வந்தார். கேட்க வந்த மாணவிகளை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். வெளியே நின்று கோஷம் போட்டார்களாம். மதில் இல்லாவிட்டாலும் படலை இருந்திருக்கிறது.

இன்றைக்கும் ஒரு படலை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. வெளிநாட்டு மாணவராக வந்து இங்கே படிக்க, பல பாடநெறிகளுக்கு ஆண்டுக் கட்டணம் மட்டும் 60,000 டொலரைத் தொடும். என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்த பெடியன் ஒருவன் வேறு கல்லூரி ஒன்றில் அப்படிப் படித்துக்கொண்டு, இரவில் என்னோடு பெட்டி தூக்கினான். நடக்கக் காசு தேவையில்லை, இருந்து படிக்கத்தான் காசு.

ஹார்ட் ஹவுஸோடு ஒட்டி நிற்கிறது சோல்ஜர்ஸ் டவர், 1924இல் கட்டியது. கீழே வளைவுக்குள் இரண்டாம் உலகப்போரில் செத்த பல்கலைக்கழகத்தாரின் பெயர்கள் சுவரில் வரிசை வரிசையாக. மேலே 51 மணிகள். அந்த வளைவால் பிள்ளைகள் கோப்பிக் கோப்பையோடு வகுப்புக்கு ஓடுகிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பக்கத்துப் புல்வெளியில் பூர்வகுடி மக்களுக்காக அண்மையில் ஸீபிங் என்ற வெளியொன்றை அமைத்திருக்கிறார்கள். அதன் வடிவமைப்பு அந்த வழியால் ஓடிய டாடில் ஓடையை நினைவில் வைத்தது.

அந்த ஓடையைத்தான் அடுத்து பின்தொடர வேண்டும். ஹொஸ்கின் அவெனியூவைக் கடந்தால் 'பிலோசொபர்ஸ் வோக்' என்ற ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து புளோர் வீதி வரை போகும். அது ஏன் வளைகிறது என்றால், அடியில் ஓடை கிடக்கிறது. 1880களில் சாக்கடை நாறுகிறது என்று குழாய்க்குள் விட்டு மூடிவிட்டார்கள். ஒரு பக்கம் இசைப் பீடம். யன்னல் திறந்திருக்கிற நாளில் யாரோ வயலினில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பிழைவிட்டு, நிறுத்தி, திரும்பத் தொடங்குவது கேட்கும். கறுப்பு அணில்கள் கால்மாட்டில் வந்து நிற்கும், அவற்றின் முதுகில் கோடு இல்லை. முடிவில் புளோர் வீதியில் இரும்புப் படலை ஒன்று கம்பீரமாக நிற்கிறது, அரச குடும்பத்தவர் 1901இல் வந்துபோன நினைவுக்கு. அதைப் பூட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

ரொபார்ட்ஸ் நூலகத்தையும் பார்ப்பதென்றால், அந்தப் பாதைக்குள் நுழைவதற்கு முன்பே ஹொஸ்கின் வழியாக மேற்கே திரும்பவேண்டும். 1973இல் திறந்த 14 மாடிச் சீமெந்து மலை. மயில் என்கிறார்கள், வான்கோழி என்கிறார்கள். எனக்கு அது எங்கள் பக்கத்து இராணுவ முகாமின் காவலரணைத்தான் ஞாபகப்படுத்தியது. முதல் பார்வையில் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே கீழ்மாடிகளில் யாரும் போய் இருக்கலாம், சூடாக இருக்கும், கழிவறை சுத்தம். மேலே புத்தக அடுக்குகளுக்குப் போக மட்டும் அட்டை வேண்டும். தமிழ்ப் புத்தகங்களும் அந்தச் சேகரிப்பில் உண்டு. ஒட்டியிருக்கிற தோமஸ் ஃபிஷர் அரிய நூலகத்தில் இன்சுலின் ஆய்வுக் குறிப்புகளைப் பாதுகாக்கிறார்கள். ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் என்றால் வாசலில் செரிப்பூ பூத்திருக்கும். செரிப்பூ பார்க்கச் சனம் கூடுகிற ஹை பார்க் பூங்காவில் இடிபடத் தேவையில்லை.

இந்த நடையால் எனக்கு வேலை கிடைக்கவில்லை, நண்பர்களும் கிடைக்கவில்லை. பலகைகளை நின்று வாசித்ததில் ஆங்கிலம் கொஞ்சம் தேறியது. முக்கியமாக, ஒரு கட்டடத்தின் கதவைத் திறந்துகொண்டு, யாரிடமும் காரணம் சொல்லாமல் உள்ளே போகப் பழகினேன். நகரசபை மண்டபம், நீதிமன்றம், பேங்க் எல்லாவற்றுக்கும் அதற்குப் பிறகு தயங்காமல் போனேன்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் வெளியில் நிற்பதைக் குறைத்து, யூனிவர்சிற்றி கொலிஜ், ஹார்ட் ஹவுஸ், ரொபார்ட்ஸ் என்று கட்டடம் கட்டடமாகத் தாவலாம். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் வட்டத்தோடு நிறுத்தி, கொலிஜ் வீதிக்குத் திரும்பி டிராம் எடுக்கலாம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், புல்வெளியில் இருந்து புட்டு சாப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இனி எங்கள் பக்கத்து ஸ்காபரோ வளாகத்தைப் பார்க்கவேண்டும். உலகத் தமிழர்கள் 30 லட்சம் டொலர் சேர்த்துத் தமிழ் இருக்கை அமைத்தது அங்கேதான். பின்னால் ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கு, அந்த ஓடையை யாரும் மூடவில்லை. இருந்தும் நான் டவுண்டவுனுக்கு ஒரு மணி நேரம் போய் நடந்துவிட்டு, பக்கத்தில் இருப்பதை இன்னும் பார்க்கவில்லை என்று மாமி சொல்லிக்காட்டுகிறார்.